பரீட்சைக் காலத்துப் பூக்கள்

நமது நாட்டில் வஸந்த ருது வந்து சேருவதற்கு ஒரு விசித்திரமான வேளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பரீட்சை நடக்கும் வேளை அது. மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்ற வேம்பு, பங்குனி பிறந்ததும் செந்தளிர் விட்டுப் பூவும் காட்டுகிறது. புங்க மரத்தடியில் பொரி இறைத்தாற்போல் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. அதே சமயத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளோ தலையைக் குனிந்தபடி சரித்திரத்தில் ஆண்டுகளையும் பூகோளத்தில் நதிகளையும் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'மகரந்தத்தாள் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் உண்டு. ஜன்னலுக்கு வெளியே லட்சக்கணக்கான மகரந்தத்தாள்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை.

உபாத்தியாயத் தொழிலில் இருபது ஆண்டுகளாக உழன்றுவரும் நமக்கு இந்தப் பொருத்தமின்மை ஆண்டுதோறும் உறுத்துகிறது. சித்திர வகுப்பு என்று கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போட்டிருக்கும். தை பிறந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கு கடன் வாங்கும். கணக்கு விட்டுவைத்தால் இங்கிலீஷ் வாங்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகையால் பள்ளிக்கூடத்தை நம்பியிராமல், வீட்டிலேயே வஸந்தத்தை வரவேற்பதற்கு ஒரு வழி சொல்லத் துணிகிறோம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு மண் தொட்டி, நாலைந்து விதை, ஒரு பென்ஸில், கோடு போடாத காகிதம், ஒரு சிறிய வர்ணப் பெட்டி இருந்தால் போதும். பூவை வளர்த்து, பார்த்து, வரைந்து, வர்ணம் தீட்டுவது. விஷயம் இவ்வளவுதான்.

இதிலே என்ன பிரமாதம் என்று கேட்கும் நேயர்கள் தயவுசெய்து ஒரு சோதனை செய்து பார்க்கவேண்டும். வீட்டில் உள்ள பத்து வயதுக் குழந்தையை அழைத்து, "ஒரு பூ வரை" என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து வளையங்கள், கீழே ஒரு காம்பு, காம்புக்கு இரு பக்கமும் இரண்டு இலை. நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் இதைத்தான் வரைவார்கள். எமது வகுப்பில் ஒரு சிறுவனைப் பார்த்து, "இந்தப் பூ எந்தச் செடியில் பூக்கிறது, தம்பி?" என்று கேட்டோம். "பூச்செடியில், சார்" என்றான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவன் பிறந்தது முதல் பார்த்த சித்திரப் பூக்கள் அனைத்தும் அந்தப் 'பூச்செடி'யில் பூத்தவைதாம்.

நம்முடைய முன்னோர் இவ்விஷயத்தில் இவ்வளவு சோம்பியிருக்கவில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், அருவியாடிய பெண்கள் பறித்துவந்து பாறையிலே குவித்த மலர்கள் என்று 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தெரிந்த பூக்களின் பெயரை எழுதும்படி இக்காலத்து மாணவர்களைக் கேட்டால், ரோஜாவில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது பூவுக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. கொன்றை சம்பந்தமாக மற்றொரு வேடிக்கையும் உண்டு. சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்துப் பூவாகவே கண்டார்கள். பருவமல்லாத மழையைக் கண்டு கொன்றை மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன, கார்காலம் இன்னும் வரவில்லை என்று தோழி தலைவியைத் தேற்றுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. நம் தெருவிலுள்ள கொன்றையோ சித்திரை வெயிலிலேயே சரம் சரமாகப் பொன்னைத் தொங்கவிட்டுவிடுகிறது. இதைப் பற்றிப் பண்டிதர்கள் விவாதிக்கட்டும். விவாதிக்கும் முன் ஒருமுறை வாசலுக்கு வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் நலம்.

வரைவதற்கு முன்னால் வளர்க்கவேண்டும் என்பது எமது கட்சி. முழம் போட்டு வாங்கும் பூவுக்குக் காம்பு ஏது, இலை ஏது? மொட்டு எந்த இடத்தில் அரும்பியது, எத்தனை நாளில் பருத்தது, மலர்ந்தபின் எப்படி வாடியது என்பதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவருக்குத்தான் தெரியும். தோட்டம் இல்லையே என்று அங்கலாய்க்க வேண்டாம். மொட்டை மாடியும், அடுக்குமாடி வீட்டின் சன்னல் ஓரமும் போதும். உடைந்த வாளியானாலும் அடியில் துளையிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாண எருவும் சம பங்காகக் கலந்து நிரப்பினால் அருமையான பாத்திதான். அரிசி களைந்த நீர் அதற்கு நல்ல ஆகாரம்.

முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது சங்குபுஷ்பம். அதன் விதைத் தோல் கெட்டியானது. ஆகையால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரை அங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். ஏறிப் படருவதற்கு ஒரு கயிறு கட்டிவிட்டால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பூக்கத் தொடங்கிவிடும். தை மாதத்தில் ஊன்றியது பங்குனியில் பூக்கும். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாளிலும் பூக்கும்.

சங்குபுஷ்பத்தைச் சிபாரிசு செய்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவரைப் பந்தலில் ஒரு பூவை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் பெரிய இதழ் கொடி தூக்கியதுபோல் மேலே நிமிர்ந்து நிற்கும். சங்குபுஷ்பத்திலோ அந்தப் பெரிய இதழ் கீழே விரிந்து கிடக்கும். காம்பு ஒரு திருப்புத் திரும்பிப் பூவையே தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இரண்டு பூக்களையும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னால், சொல்லிக்கொடுக்காமலே குழந்தை இதைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தபின் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஓயும்.

மல்லிகை வளர்ப்பவர்கள் கார்த்திகையிலே கவாத்து செய்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் மாசி, பங்குனியில் புதுக் கிளைகளில் அரும்பு கட்டும். அரும்பாக இருக்கும்போதே அதிகாலையில் பறித்துவிடுவதால், செடியிலேயே மலர்ந்த மல்லிகையைப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலர். இரண்டு அரும்பையாவது செடியிலேயே விட்டுவைத்துக் காலையில் ஒருமுறையும் இரவில் விளக்கெடுத்துப் போய் ஒருமுறையும் வரைந்து பார்க்கும்படி தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். சாமிக்கு இரண்டு பூ குறைந்தால் அபசாரம் ஒன்றும் வந்துவிடாது.

இனி, வரைவது. இதற்கென்று பள்ளிகளில் ஒரு சம்பிரதாயம் இருந்து வந்தது. மாதிரிப் படத்தைப் பலகையில் மாட்டி, அதைப் பார்த்து அப்படியே எழுதவேண்டும். படத்தைப் பார்த்துப் படம். பூவுக்கு அங்கே வேலையில்லை. இதற்கு மாறாக நாம் செய்யச் சொல்வது யாதெனில், முதல் ஐந்து நிமிஷம் பென்ஸிலைத் தொடவே கூடாது. பூவைப் புரட்டிப் பின்புறத்தையும் பார்க்கவேண்டும். இதழ்களை எண்ணவேண்டும். எந்த இதழ் எதன் மேல் படிந்திருக்கிறது என்று கவனிக்கவேண்டும். செம்பருத்தியில் ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அண்டை இதழை மூடி, மறு பக்கம் அண்டை இதழால் மூடப்பட்டு, சுருட்டி வைத்தாற்போல் இருக்கிறது. பிறகு காம்பு சாய்ந்திருக்கும் சாய்வை ஒரே கோட்டால் போட்டுக்கொண்டு, பூவை உள்ள அளவிலேயே வரையவேண்டும். ரப்பர் கூடாது. தவறிய கோடு தவறியபடியே இருக்கட்டும். சரியான கோட்டைப் பக்கத்திலே போட்டுக்கொள்ளலாம்.

கொன்றை இதற்கு உத்தமமான பாடம். தொங்குகின்ற சரத்தில் மேலே உள்ளவை முதலில் மலர்கின்றன. நுனியில் இன்னும் உருண்டை மொட்டுகளாகவே இருக்கின்றன. ஆகவே ஒரே சரத்தில் பூவின் ஆயுள் முழுவதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பூவிலும் மஞ்சள் இதழ் ஐந்து. மகரந்தத்தாள் பத்து. ஆனால் பத்தும் ஒன்றுபோல் இல்லை. மூன்று மட்டும் வெகு நீளமாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நான்கு குட்டையானவை, மற்ற மூன்றும் மிகமிகச் சிறியவை.

சென்ற ஆண்டு எமது வகுப்பில் ஒரு சம்பவம் நடந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று கண்ணீர் விடுவதைத் தவிர வேறு பதில் சொல்லியறியாதவள். பெரிய ஆசிரியர்கள் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். வழிகாட்டி நூல் ஒன்றில் கொன்றைப் பூவின் படம் இருந்தது; அதில் பத்து மகரந்தத்தாள்களும் சீப்புப் பற்களைப்போல் ஒரே அளவில் நின்றன. வகுப்பில் எல்லாரும் அதையே எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் தெருவிலிருந்து ஒரு சரத்தை ஒடித்துவந்து, தான் வரைந்த படத்தின் பக்கத்தில் வைத்து, "சார், புத்தகத்துல தப்பா இருக்கு" என்றாள். அவள் நம்மிடம் கண்ணீர் விடாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. புத்தகத்தில் தப்பாகத்தான் இருந்தது. பூவைக் கையில் வைத்திருந்தவளோடு வாதாட யாராலும் முடியவில்லை.

அச்சிட்ட படத்தைவிடத் தன் கண்ணை நம்பிய அச்சிறுமியைப் பார்த்தபோது, நம் நாட்டுச் சித்திரக்காரர் இருவருடைய ஞாபகம் வந்தது. ஒருவர் பெயர் ரங்கையா; மற்றவர் கோவிந்து. நேயர்களில் பலர் இப்பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியரான ராபர்ட் வைட் என்பவர் 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் சென்னைக்கு வந்தார். மருந்தைவிடச் செடிகொடிகளில் அவருக்கு மோகம் அதிகம். தென்னாட்டுத் தாவரங்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் உயிருள்ளதுபோல் வரைவதற்காக முதலில் ரங்கையாவையும், 1840-களில் கோவிந்துவையும் அமர்த்திக்கொண்டார். 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சாகி ஆறு பாகங்களாக வெளிவந்த 'ஐகோனிஸ்' என்ற வைட்டின் நூலில் 2,100 சித்திரங்களுக்கு மேல் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இவ்விருவர் கையிலிருந்து பிறந்தவை.

அந்தச் சித்திரங்களைப் பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும். பக்கம் நிறையக் கிளை. இலையின் நரம்பு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். கீழே பூவைப் பிரித்து, மகரந்தத்தாள் தனியாக, சூலகம் தனியாக, குறுக்கே அறுத்தது ஒன்று, நெடுக்கே பிளந்தது ஒன்று என்று பெரிதாக்கி வரைந்திருப்பார்கள். ரங்கையாவின் படங்களைக் கிளாஸ்கோ நகரிலிருந்த ஹூக்கர் என்ற தாவரப் பேராசிரியருக்கு வைட் அனுப்பிவைத்தார். அவரும் அவற்றைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். கடலுக்கு அப்பால் உட்கார்ந்து கொண்டிருந்தவர்கள் தாம் காணாத செடியைப் பற்றி, ஒரு தென்னிந்தியச் சித்திரக்காரரின் கண்ணை நம்பி முடிவு கட்டினார்கள் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதழ் ஒன்று கூடியிருந்தாலும், மகரந்தத்தாள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் செடி வேறொரு குடும்பத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வைட்டுக்கும் நியாயம் செய்யவேண்டும். இந்தியச் சித்திரக்காரர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு பெயரை மறைத்துவிட்ட துரைமார்கள் அநேகர். வைட் அப்படிச் செய்யாமல் சித்திரத்தின் அடியில் 'ரங்கையா வரைந்தது', 'கோவிந்து வரைந்தது' என்று பொறித்தார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் சூட்டினார். பிற்காலத்துத் தாவர நூலோர் அந்த இனத்தை வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டபடியால் அப்பெயர் வழக்கொழிந்துவிட்டது. மூலச் சித்திரங்களில் ஏராளமானவை இன்று எடின்பரோவிலும் லண்டனிலும் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ ஐரோப்பியச் சித்திரக்காரர் பத்துப் பேருடைய பெயர் தெரிகிறது. கோவிந்துவின் பெயர் தெரியவில்லை. இதை எந்தப் பாட புத்தகத்திலாவது சேர்த்தால் தேவலை.

வங்காளத்தில் இந்த மரபு வேறொரு விதமாகத் தழைத்தது. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராக இருந்த நந்தலால் போஸ் தம் மாணவர்களை வெளியே அனுப்பி மரத்தையும் மாட்டையும் பார்த்து வரையச் செய்ததோடு, தாமும் தபால் அட்டை அளவுள்ள காகிதங்களில் கண்டதையெல்லாம் வரைந்து தள்ளினார். அங்கே வஸந்தோத்ஸவம் நடக்கும் சமயத்தில் பலாச மரங்கள் இலையின்றி நெருப்புப் பிடித்தாற்போல் பூத்து நிற்கும். இந்தப் பலாசந்தான் நம் ஊரில் புரசு. சென்னைப் புரசைவாக்கத்துக்கு அதனால்தான் பெயர் வந்தது என்பார்கள். இன்று அப்பேட்டையில் புரச மரத்தைத் தேடுவதென்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டும்.

கோட்டோடு நிறுத்திக்கொண்டாலும் பாதகமில்லை. வைட்டின் 'ஐகோனிஸ்' படங்களும் நிறமற்றவைதாம். ஆயினும் குழந்தைகள் வர்ணப் பெட்டியை விடமாட்டார்கள். அதில் முதலில் வரும் தொல்லை மஞ்சள். கொன்றை இதழின் நிழல் பக்கத்தை எழுதுவதற்கு மஞ்சளோடு கறுப்பைக் கலப்பார்கள். உடனே அது பாசி பிடித்த பச்சையாக மாறி முகம் சுளிக்கவைக்கும். கறுப்புக்குப் பதில் துளி செம்மண் நிறத்தைச் சேர்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்துகொண்டு நிழலுக்குள் போகும்.

அதைக் காட்டிலும் பெரிய தொல்லை மல்லிகை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பூவை எப்படித் தீட்டுவது? பெரும்பாலோர் கறுப்புக் கோட்டால் வேலி கட்டிவிடுகிறார்கள். உண்மையில் மல்லிகைக்கு எல்லைக்கோடு கிடையாது. அதன் பின்னாலுள்ள இலையின் இருண்ட பச்சையைத் தீட்டிக்கொண்டே வந்து, பூ இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அப்போது காகிதமே பூவாகி நிற்கும். பிறகு இதழின் மடிப்பில் மட்டும், தண்ணீர் மிகுதியாகக் கலந்த நீலப் பச்சையை லேசாகத் தடவினால் போதும். இந்த வித்தையை முதன்முதலில் செய்து பார்த்த குழந்தைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். தாங்கள் தீட்டாத இடத்தில் பூ வந்துவிட்டதே என்று திகைத்துப் போகிறார்கள்.

கடையில் வாங்கும் வர்ணந்தான் வேண்டும் என்பதில்லை. செம்மண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, கருவேலம் பிசினோடு குழைத்தால் அழகான காவி கிடைக்கும். மஞ்சள் தூள் உண்டு. சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் வீடுகளுக்குத் தெரியாததல்ல. சங்குபுஷ்பத்தை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். அதிலே இரண்டு சொட்டு எலுமிச்சம் பழச் சாறு விட்டால் ஊதாவாகிப் பின் சிவந்து வரும். இந்த வர்ணங்களில் மஞ்சளும் நீலமும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930-ல் நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. ராமன் அவர்கள் 1960-களில், தமது முதிர்ந்த வயதில், மலர்களின் நிறத்தையும் கண்ணின் பார்வையையும் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். நம் வீட்டுக் குழந்தை எலுமிச்சம் பழத்தை வீணாக்குகிறது என்று கோபிக்குமுன் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, செல்பேசியில் ஒரு நொடியில் படம் பிடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கலாம். ஆனால் லண்டனை அடுத்த கியூ தோட்டம் முதலிய பெரிய தாவர நிலையங்களில் இன்றைக்கும் புதுச் செடியைக் கண்டால் சித்திரக்காரரைக் கொண்டு வரையச் செய்கிறார்கள். மொட்டு, பூ, காய், குறுக்குவெட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் தெளிவாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்குக் கையும் கண்ணும்தான் வேண்டியிருக்கிறது. இன்னொரு கேள்வி தகப்பனார்களிடமிருந்து வருகிறது: "பூ வரைந்தால் மார்க் வருமா?" வராது. இதில் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. மேலே சொன்ன சிறுமிக்கும் அந்த வருஷத்துப் பரீட்சையில் கொன்றையைப் பற்றிக் கேள்வி வரவில்லை. ஆனால் இப்போது வகுப்பில் அவள் கையைத் தூக்குகிறாள்.

வரைந்த தாள் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தேதியும், பூவின் பெயரும், பறித்த இடமும் குறித்துவைக்கவேண்டும். அடுத்த ஆண்டு அதே கொன்றை எந்தத் தேதியில் பூக்கிறது என்று ஒப்பிடலாம். சங்குபுஷ்பத்தின் காய்கள் காய்ந்து வெடிப்பதற்கு முன்னால் பறித்து, விதைகளைக் காகிதத்தில் மடித்து வைத்தால் அண்டை வீட்டுக்கும் ஆகும். செடி வளர்த்து முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் பூவரசிலிருந்து தொடங்கலாம். அது ஊருக்கு ஊர் இருக்கிறது. காலையில் அதன் பூ நல்ல மஞ்சளாக, உள்ளே கருஞ்சிவப்புக் கண்ணோடு இருக்கும். மாலையில் அதே பூவைப் போய்ப் பார்த்தால் மஞ்சள் மாறிச் செவ்வூதாவாகிக்கொண்டிருக்கும். பறிக்காமல், மரத்தடியிலேயே உட்கார்ந்து, இரண்டு வேளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரையவேண்டும்.